எட்டுப் பந்திக் கடிதமும் காளான் மோதகமும்

இத்தாலியில் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்தால், வேறு தவணை குறிக்கப்படாதவிடத்து, முப்பது நாளுக்குள் அந்த அலுவலகம் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இது சட்டம். இதைச் சொல்லிச் சொல்லியே பலெர்மோவில் பல பேருடைய பத்திரங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்கு எழுதும் கடிதத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். பொருந்தியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பொருந்தியிருந்தால், ஜோர்ஜியா நாட்டுப் பெண்மணி ஒருவருக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய எட்டுப் பந்திக் கடிதம் மூன்று வருடம் பதிலில்லாமல் கிடந்திருக்காது.

கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி உண்டு. கையெழுத்து வைத்த அட்டை ஒரு கிழமையில் திரும்பி வந்தது. அதைக் கோப்பில் போட்டேன். அதன் பிறகு அந்தக் கோப்பில் போடுவதற்கு ஒன்றும் வரவில்லை.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். இங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபத்தாறு வருடம் வாயில் காவலனாக இருந்து ஓய்வு பெற்றேன். இரண்டும் ஒரே வேலைதான். யார் வந்தார், எதற்கு வந்தார், கையெழுத்து வைத்தாரா.

என் மனைவி பதினொரு வருடம் ஒரு சிஞ்ஞோராவை, தனியாக இருந்த ஓர் இத்தாலிய மூதாட்டியை, பராமரித்தாள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை. மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை அதே சிஞ்ஞோராவைப் பார்த்தவர்தான் அந்த ஜோர்ஜியாப் பெண்மணி. என் மனைவியைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் ஜோர்ஜியா அக்கா. வேலை ஒப்பந்தத்தின்படி இருவரும் ஒருவரையொருவர் காண வேண்டிய நேரம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம். காலையில் ஒரு நிமிடம், மாலையில் ஒரு நிமிடம். என் மனைவி காலை ஏழு மணிக்கே போய்விடுவாள். மாலை ஏழு மணிக்குத்தான் அங்கிருந்து வெளிக்கிடுவாள். குசினி மேசையில் கோப்பி ஆறிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் தங்களுக்குச் சொந்தமில்லாத இத்தாலியனில் கதைத்துக்கொண்டிருப்பார்களாம். சிஞ்ஞோரா படுக்கையில் இருந்தபடியே அவர்களுடைய வினைச்சொற்களைத் திருத்துவாராம். அந்த மணித்தியாலங்களுக்குச் சம்பளம் கேட்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கோரிக்கையை நானே மீளப் பெற்றுக்கொண்டேன்.

சிஞ்ஞோரா ஒரு ஜனவரி மாதம் முப்பதாம் திகதி காலமானார். மிலானில் இருக்கும் மகன் வந்து அடக்கம் செய்துவிட்டுப் போனார். போகும்போது, ஒரு மாதத்தில் வீட்டுத் திறப்புகளைச் சொத்து அலுவல் பார்க்கும் நொத்தாரிசிடம் ஒப்படைக்கும்படி எழுதிக் கொடுத்தார். நியாயமான கடிதம். திகதியும் கையொப்பமும் இருந்தன.

பிரச்சினை நாள் கணக்கில் வந்தது. கத்தோலிக்க முறைப்படி முப்பதாம் நாள் பூசை. அது தேவாலயத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் முறைப்படி முப்பத்தோராம் நாள். அன்று என் மனைவி சிஞ்ஞோராவின் குசினியில் அவருக்குப் பிடித்த மத்தி மீன் பாஸ்தாவும் தனக்குப் பிடித்த உழுந்து வடையும் செய்து, படத்துக்கு முன்னால் படைத்தாள். ஜோர்ஜியா அக்கா கூட நின்று மீன் துப்பரவாக்கிக் கொடுத்தார். அவர்களுடைய முறையில் நாற்பதாம் நாள்தான் நாள். அன்று தான் சமைத்து வந்து அதே மேசையில் வைப்பேன், நீ வந்து கூட நில் என்று சொன்னார். மனைவி ஓம் என்றாள். ஜோர்ஜியா அக்கா அன்றே தன் பெட்டியோடு ஒரு சிநேகிதியின் அறைக்குப் போய்விட்டார். போகும்போது தன்னிடமிருந்த திறப்பையும் மனைவியின் கையில் கொடுத்தார். நாற்பதாம் நாள் கதவைத் திறந்து விட வேண்டியது மனைவியின் பொறுப்பு.

இரண்டு திறப்பும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கின. மறுநாள், மார்ச் இரண்டாம் திகதி, இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் நொத்தாரிசின் அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன். ஒரு மாதத் தவணை ஏற்கெனவே கடந்திருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. தவணையைப் பற்றி அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் எனக்கில்லை.

நாற்பதாம் நாள் மார்ச் பத்தாம் திகதி. மனைவி காலையில் ஆணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நொத்தாரிசின் அலுவலகம் ஒன்பதரைக்குத்தான் திறக்கும். திறந்ததும் போய்க் கேட்டாள். கொடுக்க முடியாது என்றார்கள். அதுவும் சரியான பதில்தான். அவள் சிஞ்ஞோராவின் வீட்டு மாடிப்படிக்குப் போய்ச் சேரப் பத்தரை மணி. ஜோர்ஜியா அக்கா எட்டு மணியிலிருந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். காலடியில் துவாயால் சுற்றிய மூன்று சட்டி. மனைவி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஜோர்ஜியா அக்கா சட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு மனைவி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"சட்டப்படி எல்லாம் சரி. ஆனா அவ சட்டியோட படியிலை நிண்டவ."

நிலைமையை விளக்குவது என் கடமை என்று பட்டது. எட்டுப் பந்திகளில் விளக்கினேன். முதல் பந்தியில் மகனின் கடிதம், இரண்டாம் பந்தியில் தவணை, அப்படியே எட்டு வரை. மன்னிப்புக்கு அதில் ஒரு பந்தி ஒதுக்கியிருக்கவில்லை. அந்தக் கடிதத்தை மனைவி தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு வார்த்தை கதைத்திருந்தால் விடயம் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று பிற்பாடு கோயிலில் ஒரு பெண் சொன்னார். எழுத்தில் அனுப்பிய பிறகு வாயால் கதைப்பது முறையல்ல, பதில் வரட்டும் என்று நான்தான் மனைவியை மறித்தேன். அவளும் மூன்று வருடம் மறிபட்டாள். தொலைபேசி எடுக்கவில்லை. சந்தையில் ஒருமுறை தூரத்தில் கண்டதாகச் சொன்னாள். அவர் ஒரு கடைக்குள் போய்விட்டாராம். அது சவர்க்காரக் கடை, சவர்க்காரம் வாங்கத்தான் போயிருப்பார் என்றேன். அவள் காலை ஏழு மணிக்குப் போக வேறிடம் இல்லாமல், குசினியில் தனியாக இருந்து கோப்பி குடிப்பாள். நான் எட்டு மணிக்கு எழும்புகிறவன்.

இந்த வருடம் தொடக்கத்தில் கோயிலில் கேள்விப்பட்டாள். ஜோர்ஜியா அக்காவும், சிஞ்ஞோராவின் கட்டடத்தில் கீழ் வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உக்ரேன் பெண்ணும் சேர்ந்து நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்களாம். ஒரு கிழமை யோசித்திருப்பாள் போல.

"இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரேத்தோவுக்குப் போறம்."

"என்னத்துக்கு?"

"சாப்பிட."

"அவ இன்னும் பதில் எழுதேல்லை."

"நான் பதிலுக்குப் போகேல்லை. பசிக்குப் போறன். நீங்கள் விரும்பினா வாங்கோ."

பெப்ரவரி ஆறாம் திகதி போனோம். மனைவி வெறுங்கையோடு ஓரிடமும் போகாதவள். சியாகுல்லி மந்தரின் இரண்டு கிலோ ஒரு பையில். சிஞ்ஞோராவுக்குப் பிடித்த பழம் அது. பிந்திக் காய்ப்பது, தோல் மெல்லியது. சாப்பாட்டுக் கடைக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாகாது என்று பஸ்ஸில் சொன்னேன். சாப்பிடக் கொண்டுபோகவில்லை, கொடுக்கக் கொண்டுபோகிறேன் என்றாள். ஆனால் உள்ளே போனதும் பையைக் கதிரைக்குக் கீழே காலால் தள்ளி வைத்தாள்.

கடை முன்பு முடிதிருத்தும் நிலையமாக இருந்த இடம். நீளக் கண்ணாடி இன்னும் சுவரில் இருந்தது. அதனால் எல்லோரும் தாங்கள் சாப்பிடுவதைத் தாங்களே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எட்டு மேசை. உணவுப் பட்டியலில் இடது பக்கம் ஜோர்ஜியா, வலது பக்கம் உக்ரேன், நடுவில் ஒரு கோடு. கதவருகே அனுமதிப் பத்திரங்கள் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. நின்று வாசித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஜோர்ஜியா அக்கா வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். எங்களை அறிந்ததாகக் காட்டவில்லை. பதினொரு வருடம் என் மனைவியை நீ என்று கூப்பிட்டவர், அன்று நீங்கள் என்றார். பட்டியலை வைத்தார், தண்ணீர் வைத்தார், போனார். மனைவி மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள்.

பக்கத்து மேசையில் ஒரு பலெர்மோக் கிழவர் மனைவியோடு இருந்தார். சிவப்பான பீட்ரூட் சூப்பைப் பார்த்து, இதற்குள் கொஞ்சம் பாஸ்தா போட்டுத் தர முடியுமா என்று உக்ரேன் பெண்ணைக் கேட்டார். முடியாது என்றாள். அரிசி, என்றார். முடியாது. அப்படியென்றால் இது சாப்பாட்டுக்கு முதலா பிறகா என்றார். இதுதான் சாப்பாடு என்றாள் அவள். கிழவரின் மனைவி, "மனுசனுக்கு வயது போட்டுது, நீ வைச்சிட்டுப் போ பிள்ளை" என்ற பொருள்பட ஏதோ சிசிலியனில் சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவி செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிதான். பட்டியலில் தேடி, உருளைக்கிழங்கு வைத்து அவித்த வரேனிகி ஒன்றும் இறைச்சி போடாத சூப் ஒன்றும் சொன்னாள். நான் ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலை எழுத்தில் கேட்டேன். அது வாடிக்கையாளரின் உரிமை. எனக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாது. ஜோர்ஜியா அக்கா கொண்டுவந்து வைத்தார். மூன்று பக்கம், பிழையில்லாமல்.

சூப் வந்தது. வரேனிகி வந்தது. அதோடு நாங்கள் சொல்லாத ஒரு தட்டும் வந்தது. அதில் ஐந்து மோதகம்.

அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பட்டியலில் அதன் பெயர் ஹின்காலி. ஆனால் மாவைச் சுற்றி மடித்து, உச்சியில் குடுமி பிடித்து, ஆவியில் அவிந்த நிறத்தோடு இருந்தது மோதகம்தான். கொஞ்சம் பருத்த மோதகம். மனைவி அதையே பார்த்தாள். உள்ளே இறைச்சி என்று பட்டியலில் போட்டிருந்தது.

"பிள்ளையாருக்கு வைக்கிற சாமானுக்கை இறைச்சி வைச்சிருக்கினம்," என்றாள் என்னிடம் மெல்ல.

இதை நாங்கள் கேட்கவில்லை என்று ஜோர்ஜியா அக்காவிடம் சொன்னேன். கேட்காத பொருளை மேசையில் வைப்பது பற்றி விதி உண்டு என்றும் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. காளான்தான் வைச்சது."

அவர் சொன்னது இத்தாலியனில். எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன். அவர்கள் இருவரும் கதைத்த இத்தாலியனுக்கு அதுதான் கிட்ட வரும். காளான் வைத்தது பட்டியலில் இல்லை. எழுதாத ஒன்றை யாரோ குசினியில் நின்று தனியாகச் செய்திருக்கிறார்கள். மனைவி குனிந்து சூப்பைக் கலக்கினாள். கலக்க வேண்டிய அளவுக்கு மேலாகக் கலக்கினாள்.

நான் முள்ளுக்கரண்டியும் கத்தியும் எடுத்தேன். இருபது வருடத்துக்கு மேலாக வெளியிடங்களில் நாங்கள் முள்ளுக்கரண்டிதான். வீட்டில் கையால் சாப்பிடுவோம், யன்னல் திரையை இழுத்துவிட்டு. முள்ளுக்கரண்டியில் ஸ்பகெத்தியை ஒழுங்காகச் சுற்ற மனைவிக்குப் பழக்கியது அந்தச் சிஞ்ஞோராதான்; அவள் எனக்குப் பழக்கினாள். கழுத்துப் பட்டியோடு போயிருந்தேன். மோதகத்தின் நடுவில் கத்தியை வைத்து அழுத்தினேன். உள்ளே இருந்த சாறு முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. கொஞ்சம் தட்டில், மிச்சம் கழுத்துப் பட்டியில்.

உக்ரேன் பெண் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க அவள் முயற்சி செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, அது கையாலை சாப்பிடுறது."

"எழுத்திலை எங்கை இருக்கு?"

"சாப்பாட்டுப் பட்டியலிலை, மூண்டாம் பக்கம்."

பார்த்தேன். இருந்தது. மூன்று மொழியில், படத்தோடு. குடுமியைப் பிடிக்கவும், தலைகீழாகத் திருப்பவும், சிறிதாகக் கடித்துச் சாற்றை உறிஞ்சவும், பிறகு உண்ணவும், குடுமியைத் தட்டில் விடவும். முள்ளுக்கரண்டி பாவிக்க வேண்டாம் என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தது. ஒவ்வாமைப் பட்டியலை மூன்று பக்கமும் வாசித்தவன், அனுமதிப் பத்திரங்களை நின்று வாசித்தவன், இதை வாசிக்கவில்லை.

மனைவி அதற்குள் ஒன்றைக் கையில் எடுத்திருந்தாள். ஐந்து விரலும் குடுமியில், திருப்பி, கடித்து, உறிஞ்சி, ஒரு துளி சிந்தாமல். பிறந்ததிலிருந்து இதையே செய்து வந்தவள் மாதிரி. இருபது வருடமாக இந்த ஊரில் வெளியே ஒளித்து வைத்த கை அது. கண்ணாடியில் அதை ஜோர்ஜியா அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். கிழவரும் அவர் மனைவியும் எங்கள் எல்லோரையும் பார்த்தார்கள்.

மனைவி இரண்டு சாப்பிட்டு முடித்துவிட்டு, பாவிக்காத ஒரு சின்னத் தட்டை இழுத்தாள். மிச்சமிருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து அதில் வைத்தாள். கதிரைக்குக் கீழிருந்த பையைத் திறந்து ஒரு மந்தரின் எடுத்து, இலையோடு, பக்கத்தில் வைத்தாள். தட்டை ஆளில்லாத கதிரை ஒன்றுக்கு முன்னால், சுவர்ப் பக்கமாகத் தள்ளினாள். ஜனவரி முப்பது முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. எங்கள் பஞ்சாங்கத்தின்படி திவசத் திதி வேறு நாளில் வரும். அது பற்றி அவளிடம் விளக்கம் கேட்க வாய் எடுத்தேன். ஈரமான கழுத்துப் பட்டியோடு கேட்பது சரியாக இராது என்று விட்டுவிட்டேன்.

ஜோர்ஜியா அக்கா கிட்ட வந்தார்.

"அது ஆருக்கு?"

"சிஞ்ஞோராவுக்கு."

ஜோர்ஜியா அக்கா குனிந்து தட்டைப் பார்த்தார்.

"அவ காளான் தொடமாட்டா."

"தெரியும்," என்றாள் மனைவி. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அவதான் அனுசரிக்க வேணும்."

"அவ ஆருக்கு அனுசரிச்சவ?"

"ஒருத்தருக்குமில்லை."

"என்ரை வினைச்சொல்லைக் கடைசி நாளும் திருத்தினவ."

"எனக்கும்."

ஜோர்ஜியா அக்கா தட்டிலிருந்த காளான் மோதகத்தை எடுத்துப் போய், இறைச்சி வைத்ததொன்றை வைத்துக் கொண்டுவந்தார். ஒரு துண்டு பாணையும் அதன் பக்கத்தில் வைத்து, சிவப்பு வைன் கொஞ்சம் அதன் மேல் ஊற்றினார். செத்தவர்களுக்கு அப்படித்தானாம். வெள்ளிக்கிழமை மனைவியின் மேசையில் இறைச்சி. அவள் அதைப் பார்த்தாள், தட்டை ஒரு விரற்கடை தள்ளி நேராக வைத்தாள். அவ்வளவுதான். அவள் அந்த அளவுக்கு அனுசரித்ததை நான் என்றைக்கும் கண்டதில்லை. என் விடயத்தில் நிச்சயமாக இல்லை.

நீ என்று வரவில்லை. நீங்கள் என்றும் வரவில்லை. சொற்களை அப்படிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு கதைத்தார்கள். மந்தரின் பை கைமாறியது. கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. நாங்கள் எழும்பும்போது ஜோர்ஜியா அக்கா முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கடை கடிதம் என்னட்டை இருக்கு. பதில் தருவன்."

"எப்ப?" என்றேன்.

"முறைப்படி," என்றார்.

பஸ்ஸில் வரும்போது மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"என்ன எழுதுவா?"

"சொல்லேலாது. எட்டுப் பந்திக்கும் எட்டு மறுப்பு எழுதலாம். அல்லது தொடர்பு வேண்டாம் எண்டு எழுதலாம். எழுத்திலை வந்தா அதோடை முடிஞ்சுது."

அந்த விளக்கம் தேவையில்லாதது என்று இப்போது நினைக்கிறேன். அன்று தொடக்கம் அவள் தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் பார்க்கத் தொடங்கினாள். தபால்காரர் ஒருதரம்தான் வருவார் என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். ஒரேத்தோவுக்கு மறுபடி போவோமா என்று நானாகக் கேட்டேன். வேண்டாம், அவ தருவன் என்று சொன்னவ, தரட்டும் என்றாள். மூன்று வருடத்துக்கு முதல் நான் சொல்லிக் கொடுத்த பாடம். இப்போது என்னாலேயே அதை மாற்ற முடியவில்லை.

வாய்மொழி ஒப்புதல் நாளிலிருந்து முப்பது நாளைக் கணக்கிட்டேன். மார்ச் எட்டாம் திகதியோடு முடிந்தது. ஒன்பதாம் திகதி தபாலில் மின்சாரக் கட்டணமும், கட்டில் விற்கும் கடையின் விளம்பரமும் வந்தன. அன்று மனைவி தபால்பெட்டித் திறப்பை ஆணியில் கொளுவிவிட்டு, இனி நீங்களே பாருங்கோ என்றாள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வீட்டு மணி அடித்தது. மனைவி குசினியில் நின்றாள். நான் கதவைத் திறந்தேன். மாடிப்படியில் ஜோர்ஜியா அக்கா. காலடியில் துவாயால் சுற்றிய மூன்று சட்டி. கையில் ஒரு கடித உறை, ஒரு பிரதி, ஒரு பேனா.

உள்ளே வாருங்கள் என்றேன். அவர் அசையவில்லை. முதலில் கையொப்பம் என்றார். கடிதத்தைக் கையில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொண்டால் அது பதிவுத் தபாலுக்குச் சமம். சிஞ்ஞோராவின் மகனிடம் விடுமுறை கேட்க வேண்டியிருந்த ஒரு சமயம் இந்த முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

வாசிக்காமல் கையொப்பமிடும் வழக்கம் எனக்கில்லை; நின்ற இடத்திலேயே பிரித்து வாசித்தேன். இத்தாலியனில், மூன்று வரி. வினைச்சொற்கள் எல்லாம் சரியாக இருந்தன.

"உங்கள் கடிதத்தின் எட்டுப் பந்திகளையும் வாசித்தேன். எட்டும் சரி. சாப்பாடு ஆற முதல் கதவை விட்டு விலகவும்."

விலகினேன். மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றதை அப்போதுதான் கண்டேன். மாவு படிந்த கையோடு என்னைத் தாண்டிப் போய், முதலாவது சட்டியைத் தூக்கினாள்.

"என்ன கொண்டந்தனி?" என்றாள்.

"பயப்பிடாதை. செவ்வாய்க்கிழமை எண்டு தெரியும். எனக்கும் தவக்காலம். அவரைக்கொட்டை வைச்ச ரொட்டி, கத்தரிக்காய்க்கு வாதுமை அரைச்சது. கடை இண்டைக்குப் பூட்டு."

"கோப்பி போடுறன். சிஞ்ஞோராவுக்கு ஒரு தட்டை நீ எடுத்து வை. மேல் அலுமாரியிலை இருக்கு."

இருவரும் உள்ளே போனார்கள். இரண்டு சட்டி இன்னும் படியில் இருந்தன. அவற்றை உள்ளே எடுப்பது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை, எடுத்தேன். பிறகு பிரதியைச் சுவரில் வைத்து, கிடைத்தது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். குறிப்புகளுக்கென்று அதில் இடம் விடப்பட்டிருக்கவில்லை. ஓரத்தில் ஒரு சொல் எழுதினேன். எட்டுப் பந்திகளில் இடம்பெறாத சொல். உள்ளே கொண்டுபோய் ஜோர்ஜியா அக்காவிடம் கொடுத்தேன்; அவர் அதை வாசித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லின் கீழே திகதியும் போட்டிருந்தேன்.

மார்ச் பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை.